இலங்கை மலையகத்துக்குத் தொண்டூழியம் செய்யப் போறீங்களா? சிங்கப்பூர் இளையர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இது யாருக்குன்னா, 18லேர்ந்து 30 வயசுக்குள்ள இருக்கற நம்ம சிங்கப்பூர் தமிழ்ப் பசங்க, பொண்ணுங்க, சொந்தமா ஒரு குழு சேர்த்துக்கிட்டு மலைப்பக்கம் போய் ரெண்டு வாரம் ஏதாவது உருப்படியா செய்யணும், கூடவே நல்லா மலை ஏறணும்னு நினைக்கறவங்களுக்கு. முதல் தடவை போற குழுவுக்கு நான் இலங்கை மலையகத்தைத்தான் சொல்வேன். ஹட்டன், அப்புத்தளை பக்கத் தேயிலைத் தோட்டங்கள்ல நாம நேரா தமிழ்ல பேசலாம், மொழிபெயர்க்க ஒருத்தர் நடுவுல நிக்க வேண்டியதில்ல, ஒரு பாட்டி சொல்ற கதையை அப்படியே கேட்டுக்கலாம். ரெண்டாவது காரணம் உயரம். நுவரெலியா 1868 மீட்டர், சிவனொளிபாத மலை 2243 மீட்டர். உயர நோய் பொதுவா 2500 மீட்டருக்கு மேலதான் பிரச்சினை பண்ணும், அதனால இமயமலைப் பக்கம் போறவங்களுக்கு இருக்கற பெரிய பயம் ஒண்ணு இங்க இல்ல.

புதுசா போற குழுக்கள் எங்க தடுக்கி விழறாங்கன்னு பார்த்தா, பெரும்பாலும் வரிசையிலதான். டிக்கெட்டை முதல்ல போட்டுடறாங்க, அடுத்தது குழுவுக்கு டிஷர்ட் அடிக்கறாங்க, அங்க போய் என்ன வேலைங்கற கேள்வி கடைசி மாசம்தான் வருது. கீழ இருக்கற வரிசையில அந்தக் கேள்விதான் முதல்ல. ஆறு மாசம் முன்னாடி ஆரம்பிங்க, மூணு மாசம்தான் இருக்குன்னா அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப் போடுங்க.

1. அங்கேர்ந்து ஒரு வேலை வரணும்

முதல்ல ஆளைத் தேடுங்க. தோட்டத்துப் பள்ளிக்கூட அதிபர் (தலைமையாசிரியர்), தோட்டத்து இளைஞர் மன்றம், அந்த ஊர்லயே வருஷக்கணக்கா வேலை பார்க்கற சமூக அமைப்பு, இதுல யாராவது ஒருத்தர் உங்களைக் கூப்பிடணும். நீங்களா ஒரு திட்டத்தை எழுதி எடுத்துட்டுப் போனா அவங்க மரியாதைக்குத் தலையாட்டுவாங்க, ஏன்னா வெளிநாட்டுலேர்ந்து வர்ற பிள்ளைங்களை வேணாம்னு சொல்ல அவங்களுக்கு மனசு வராது. அந்தத் தலையாட்டலை சம்மதம்னு எடுத்துக்காதீங்க.

கேக்க வேண்டிய கேள்வி மூணு. போன வருஷம் பாதியில நின்னு போன வேலை எது? நாங்க திரும்பிப் போனதும் அதை யார் தொடர்ந்து பார்ப்பாங்க? முன்னாடி வந்த குழுக்கள் விட்டுட்டுப் போனதுல இப்ப யாருக்கும் பிரயோஜனமில்லாம கிடக்கறது எது? மூணாவது கேள்விக்கு வர்ற பதில்தான் உங்களுக்கு ரொம்ப உதவும், அதைக் கேக்க வெக்கப்படாதீங்க. நூலகம் கட்டித் தரோம்னு கிளம்பற குழுவுக்கு அப்பத்தான் தெரிய வரும், பள்ளிக்கூடத்துல ரூம் இருக்கு, புத்தகமும் பெட்டியில இருக்கு, சாயங்காலம் திறந்து வச்சுக்க ஆள்தான் இல்லன்னு. அப்ப வேலை என்னன்னா புத்தகத்தை அடுக்கி, பட்டியல் போட்டு, உயர்தரம் (அங்கத்த ஏ லெவல்) படிக்கற ரெண்டு பிள்ளைங்களைப் பொறுப்புக்குப் பழக்கறது. செங்கல் வாங்கற காசு மிச்சம்.

ரெண்டு வாரத்துல நம்ம வயசுப் பிள்ளைங்களால நல்லா செய்ய முடிஞ்சது: சாதாரண தரம் (அங்கத்த ஓ லெவல்) எழுதப் போற பிள்ளைங்களோட ஆங்கிலம் பேசிப் பழகறது, வாசிப்பு மூலை, வாலிபால், வலைப்பந்து மாதிரி விளையாட்டுப் பயிற்சி, படிப்பை நிறுத்திட்டு கொழும்புக் கடைகள்ல வேலை தேடற பசங்களுக்கு விண்ணப்பம் எழுத உதவறது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கறதைக் கடைசியா வைங்க. அந்த ஊர்ல ஒரு பாஸுக்கு, அதாவது மேசனோ பெயின்டரோ, கிடைக்க வேண்டிய கூலி அது. அப்படியே கட்டட வேலை இருந்தாலும் பாஸை கூலிக்கு வச்சு அவருக்குக் கீழ நீங்க எடுபிடியா நில்லுங்க.

ரெண்டு விஷயம் கண்டிப்பா வேணாம். ஒண்ணு, அனாதை இல்லம்னு சொல்லி வெளிநாட்டுத் தொண்டூழியர்களை வரவேற்கற இடம். அந்த மாதிரி இல்லங்கள்ல இருக்கற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்கன்னு யுனிசெஃப் பல நாடுகளைப் பத்திச் சொல்லிட்டு வருது. ரெண்டு வாரம் கொஞ்சிட்டு ஓடிப் போற ஆளுங்க மாறி மாறி வர்றது அந்தக் குழந்தைக்கு நல்லதில்ல. இன்னொண்ணு, மனநல ஆலோசனை. பயிற்சி இல்லாத 19 வயசுப் பிள்ளை இன்னொரு 16 வயசுப் பிள்ளையோட வேதனையைக் கிளறி விட்டுட்டு பிளேன் ஏறிடக் கூடாது.

2. விடுமுறையைப் பார்த்து மலையோட பக்கத்தைத் தேர்ந்தெடுங்க

மலையகம் முழுக்க ஒரே வானிலைன்னு நினைச்சு ஜூன்ல ஹட்டனுக்கு டிக்கெட் போடறவங்க நிறைய பேர். தென்மேற்குப் பருவமழை மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மேற்குச் சரிவுல கொட்டும், கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியா எல்லாம் நனைஞ்சு கிடக்கும். அதே மாசங்கள்ல மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவுல, பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல, பதுளை எல்லாம் மழை மறைவுல இருக்கறதால காஞ்ச கச்சான் காத்து அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு நல்ல பருவம் ஜூலையிலேர்ந்து செப்டம்பர், ஹட்டன் பக்கத்து திம்புள்ளத் தேயிலைக்கு ஜனவரியிலேர்ந்து மார்ச். இதை மனசுல வச்சுக்கிட்டா போதும், எந்தப் பக்கம் தேயிலைக்குப் பேர் வாங்கித் தர்ற பருவமோ அந்தப் பக்கம் அப்ப மழை கம்மி.

அதனால பல்கலைக்கழகப் பிள்ளைங்க ஜூன், ஜூலைல போறதா இருந்தா ஊவாப் பக்கம் போங்க. பாலிடெக்னிக் மார்ச் விடுமுறைன்னா ஹட்டன் பக்கம் நல்லா இருக்கும். அக்டோபர், நவம்பரை முழுசா விட்டுடுங்க, ரெண்டு பருவத்துக்கும் நடுவுல மத்தியானத்துக்கு மேல இடி மழை, புயலும் வரும். கொஸ்லந்த மீரியபெத்தயில லயங்களை, அதாவது தொழிலாளர்களோட வரிசை வீடுகளை, மண் மூடினது 2014 அக்டோபர் 29, டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது 2025 நவம்பர் கடைசி. டிசம்பர்ல போயே ஆகணும்னா மாசக் கடைசியில, அதுவும் மேற்குப் பக்கம், ஏன்னா அப்ப வடகிழக்குப் பருவமழை பதுளைப் பக்கத்தை நனைக்கும்.

தேதியைப் பூட்டறதுக்கு முன்னாடி அந்தப் பள்ளிக்கூடத்தோட வருஷக் காலண்டரைக் கேட்டு வாங்குங்க. ஏப்ரல் புத்தாண்டு, டிசம்பர் விடுமுறை, மாசா மாசம் பௌர்ணமிப் போயா லீவு, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, இதெல்லாம் அதுல வரணும். திருவிழா வாரத்துல போனா நல்லா சாப்பிடலாம், வேலை எதுவும் நடக்காது.

3. அனுமதியும் விசாவும்

தோட்டம்ங்கறது கம்பெனி நிர்வாகத்துல இருக்கற இடம். உள்ள நுழையறதுக்கு தோட்ட மேனேஜரோட அனுமதி வேணும், அவரை அங்க தொரைனுதான் சொல்வாங்க. பள்ளிக்கூடத்துல வேலைன்னா அதிபர் மட்டும் சரின்னு சொன்னா போதாது, வலயக் கல்வி அலுவலகத்துலேர்ந்து கடிதம் வேணும். கிராம உத்தியோகத்தருக்கும் தகவல் சொல்லிடுங்க. இதையெல்லாம் உங்களைக் கூப்பிட்ட ஆளுங்க மூலமாவே செய்யுங்க, நீங்களே சிங்கப்பூர்லேர்ந்து ஈமெயில் அனுப்பிட்டே இருந்தா பதில் வராது. எல்லாக் கடிதமும் காகிதத்துல ரெண்டு பிரதி கையில இருக்கட்டும், கேட்ல நிக்கறவர் உங்க போன் திரையைப் பார்த்து முடிவெடுக்க மாட்டார்.

விசாவை இலங்கை அரசாங்கத்தோட அதிகாரபூர்வ ஈடிஏ (மின்னணுப் பயண அனுமதி) தளத்துல மட்டும் பாருங்க, அதே மாதிரி தோற்றத்துல இடைத்தரகர் தளங்கள் இருக்கு, அதிகமா காசு பிடுங்கும். சுற்றுலா விசா வேலை பார்க்கறதுக்கானது இல்ல, சம்பளம் இல்லாத வேலையா இருந்தாலும் கேள்வி வரலாம், அதனால நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு உங்களைக் கூப்பிட்ட அமைப்பு அங்க இருக்கற குடிவரவுத் திணைக்களத்துகிட்ட எழுத்து மூலமா முன்கூட்டியே கேட்டு வச்சுக்கறதுதான் பாதுகாப்பு.

இங்க, வெளியுறவு அமைச்சோட இ-ரெஜிஸ்டர்ல எல்லாரும் பதிஞ்சுடுங்க. என்எஸ் முடிச்ச பசங்க மைண்டெஃபுக்கு அறிவிக்கணுமான்னு பயண நாட்களை வச்சுப் பார்த்துக்கோங்க.

4. குழு

பத்து பேர், மிஞ்சினா பன்னெண்டு. அதுக்கு மேல போனா ஒரு வேன்ல அடங்காது, சின்னப் பள்ளிக்கூடத்துல நம்ம ஆளுங்களே கூட்டமாத் தெரிவாங்க, ஊர்ப் பிள்ளைங்க ஓரமா நிப்பாங்க. பொண்ணுங்க பாதியாவது இருக்கட்டும், தோட்டத்துல பெண் பிள்ளைங்களும் அம்மாங்களும் மனசு விட்டுப் பேசறது அவங்ககிட்டதான்.

நாலு பொறுப்பு பேர் போட்டு இருக்கணும்: தலைவர், காசு பார்க்கறவர், முதலுதவி, அப்புறம் குழுவோட மனநிலையைப் பார்த்துக்கறவர். நாலாவது ஆளைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. தலைவரே அதையும் பார்த்துப்பார்னு நினைப்பாங்க, ஆனா தலைவர் கூடவே சண்டைன்னா யார்கிட்ட போய்ச் சொல்றது? முதலுதவி ஆள் கண்டிப்பா சான்றிதழ் பயிற்சி முடிச்சிருக்கணும். நாலு பேருமே முன்னாடி ஒரு ராத்திரியாவது பூலாவ் ஊபின்ல கூடாரம் போட்டுத் தங்கிப் பாருங்க, யார் பசியில எரிஞ்சு விழறாங்க, யார் பேசாம பாத்திரம் கழுவறாங்கன்னு அங்க தெரிஞ்சுடும்.

5. காசு

முடிஞ்ச வரைக்கும் சொந்தக் காசுல போங்க. வெளிநாட்டு அறப்பணிக்குன்னு சிங்கப்பூர்ல நிதி திரட்டணும்னா அறநிறுவன ஆணையர்கிட்ட பெர்மிட் வேணும், அதுவும் பொதுமக்கள்கிட்ட திரட்டினா நிகரத் தொகையில குறைஞ்சது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளயே பயன்படணும்ங்கறது விதி. இது தெரியாம டெக்கா பக்கம் உண்டியலோட நின்னுடாதீங்க, தெருவுல வசூல் பண்றதுக்கு போலீஸ் லைசென்ஸும் வேற வேணும்.

பட்ஜெட்ல முதல் வரியா உள்ளூர் ஆளுங்களோட கூலி வரட்டும்: சமைச்சுத் தர்ற அக்கா, வேன் டிரைவர், வழிகாட்டற பசங்க, மேசன் பாஸ். அவசரத்துக்குன்னு தனியா ஒரு தொகை, ஒருத்தரை ராத்திரியோட ராத்திரியா காரெடுத்து கொழும்புக்குக் கூட்டிட்டுப் போய் டிக்கெட் மாத்தற அளவுக்கு, யாரும் தொடாம இருக்கணும். இங்கேர்ந்து பழைய துணி, பொம்மை, நோட்டுப்புத்தகம் மூட்டை கட்டாதீங்க. தேவையானதை ஹட்டன்லயோ பண்டாரவளையிலயோ கடைத்தெருவுல வாங்கினா அந்த ஊர்க் கடைக்காரருக்குப் போகும், விமானத்துல எடை காசும் இல்ல.

காப்புறுதி வாங்கறப்ப சின்ன எழுத்தைப் படிங்க. பல பாலிசியில உடலுழைப்பு வேலைக்கு விலக்கு இருக்கும், மலையேற்றத்துக்குத் தனி நிபந்தனை இருக்கும். நீங்க செய்யப் போற ரெண்டுமே அதுதான்.

6. உடம்பைத் தயார் பண்றது

நம்ம ஊர்ல உச்சின்னா புக்கிட் தீமா, 164 மீட்டர்கூட முழுசா வராது. நல்லதண்ணியிலேர்ந்து சிவனொளிபாத மலைக்கு ஏற்றம் கிட்டத்தட்ட 1000 மீட்டர், 5000க்கு மேல படிக்கட்டு. வீவக கணக்குல பார்த்தா ஏறக்குறைய 350 மாடி. ஜிம்ல ஓடற உடம்பை இதுக்கு நம்பாதீங்க.

பத்து வாரம் பயிற்சி எடுங்க. முதல் மூணு வாரம் வாரத்துக்கு ரெண்டு நடை, சதர்ன் ரிட்ஜஸ், மெக்ரிட்சி மாதிரி, பை இல்லாம ரெண்டு மூணு மணி நேரம். அடுத்த நாலு வாரம் புளோக் படிக்கட்டு. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க: மேல ஏறிட்டு லிஃப்ட்ல இறங்கறாங்க. ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், முட்டியை உடைக்கறது இறக்கம். தொடைத் தசை நீண்டுக்கிட்டே உடம்போட பாரத்தைத் தாங்கறது இறங்கறப்பதான், அதுக்குப் பழகாத கால் மறுநாள் கழிவறையில உக்காரவும் விடாது. அதனால ஏறின மாடி எல்லாத்தையும் நடந்தே இறங்குங்க, அவசரப்படாம. கடைசி மூணு வாரம் புக்கிட் தீமாவை அஞ்சாறு தடவை ஏறி இறங்குங்க, முதுகுல ஆறு ஏழு கிலோ, நீங்க அங்க போடப் போற அதே ஷூ. மழையில ஒரு நாள் வேணும்னே போங்க, நனைஞ்ச காலுறை எங்க உரசும்னு இங்கயே தெரிஞ்சுக்கலாம்.

ஆறு வாரம் முன்னாடி பயண மருத்துவ கிளினிக் போங்க, டான் டோக் செங்ல இருக்கு, வேற மருத்துவமனைகள்லயும் இருக்கு. ஹெபடைட்டிஸ் ஏ, டைஃபாய்டு, டெட்டனஸ் பத்தி கேளுங்க, தெரு நாய் அதிகம்ங்கறதால ரேபிஸ் ஊசி பத்தியும் கேளுங்க. சில ஊசிகள் ஒரே தடவையில முடியாது, அதுக்குத்தான் ஆறு வாரம். ஆஸ்துமா இருக்கறவங்க குளிர்ல மூச்சு இறுக்கம் வரும்னு டாக்டர்கிட்ட சொல்லி இன்ஹேலர் ரெண்டு வாங்கிக்கோங்க, ஒண்ணு முதலுதவி ஆளோட பையில இருக்கணும்.

7. மனசைத் தயார் பண்றது

யாருக்கு என்ன மருந்து, யாருக்கு பதற்றம் வரும், யார் போன மாசம் வீட்டுல யாரையாவது இழந்திருக்காங்க, இதை ஒவ்வொருத்தரும் அந்த நாலாவது பொறுப்பாளர்கிட்ட மட்டும் தனியா சொல்லட்டும். எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்லாதீங்க, மறைச்சுடுவாங்க. மனநல மருந்து சாப்பிடறவங்க பயணத்துக்காக நிறுத்தவே கூடாது, டாக்டரோட கடிதத்தோட, பயண நாளைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாவே எடுத்துட்டு வரணும்.

லயம் எப்படி இருக்கும்னு முன்னாடியே பேசி வைங்க. ஒரு வரிசையில பல வீடு, ஒரு வீடுன்னா பெரும்பாலும் ஒரு ரூம், முன்னாடி சின்ன வராந்தா, அதுக்குள்ள மூணு தலைமுறை. முதல் தடவை பார்க்கறப்ப நம்ம பிள்ளைங்க சிலர் கண் கலங்கிடுவாங்க. அது இயல்புதான், ஆனா அந்த வீட்டுக்காரங்க முன்னாடி வேணாம். அவங்க உங்களுக்கு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து உபசரிக்கற நேரத்துல நீங்க அழுதா அவங்களுக்குத்தான் சங்கடம்.

குழு விதி ஒண்ணு இப்பவே போட்டுடுங்க: அங்க இருக்கற வரைக்கும் மது கிடையாது. குடியால நொந்த வீடுகள் தோட்டத்துல நிறைய, அதே ஊர்ல நாம பாட்டிலோட உக்காரக் கூடாது.

8. பை

குளிரை யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. உயரம் 1000 மீட்டர் கூடக் கூட வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும், நுவரெலியாவுல ராத்திரி 10 டிகிரிக்குக் கீழயும் போகும். மெல்லிசா மூணு அடுக்கு, மேல காத்தும் மழையும் புகாத ஜாக்கெட், கம்பளித் தொப்பி. காட்டன் டிஷர்ட் நனைஞ்சா காயாது, உச்சியில காத்து அடிக்கறப்ப உடம்புச் சூட்டை உறிஞ்சிடும், அதனால நடைக்கு விளையாட்டுத் துணி. ஒரு செட் காஞ்ச துணி பிளாஸ்டிக் பையில கட்டி எப்பவும் தனியா.

அட்டைப்பூச்சிக்கு நீளக் காலுறை, கொஞ்சம் உப்பு. நெற்றி விளக்கு, தண்ணி பாட்டில் ரெண்டு, ஓஆர்எஸ் (உப்புச் சர்க்கரைப் பொடி), கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி. பொண்ணுங்க மாதவிடாய்ப் பொருளை முழுசா இங்கேர்ந்தே எடுத்துட்டு, பயன்படுத்தினதைப் போட மூடற பையும் வச்சுக்கோங்க, தோட்டத்துக் கழிவறையில குப்பைத் தொட்டி இருக்கும்னு சொல்ல முடியாது. வாசனைத் திரவியம் வேணாம், காரணம் 11ல சொல்றேன்.

9. முதல் ரெண்டு நாள் வேலையே செய்யாதீங்க

சிங்கப்பூர்லேர்ந்து கொழும்பு நாலு மணி நேரத்துக்குள்ள, அங்கேர்ந்து மலைக்கு ஏறதுக்கு அதைவிட அதிக நேரம் ஆகும். ரயில்ல போகணும்னு ஆசை இருக்கும், டிட்வாவுல மலைப் பாதை பல இடத்துல சேதமாச்சு, எந்தப் பகுதி ஓடுதுன்னு கிளம்பற வாரம் விசாரிச்சுக்கோங்க.

தங்கறது லயத்துல வேணாம். நீங்க படுக்கற இடத்துக்காக அந்த வீட்டுப் பிள்ளைங்க வராந்தாவுக்குப் போயிடும். பக்கத்து விருந்தினர் விடுதி, ஆசிரியர் விடுதி, சர்ச் மண்டபம் எதுவா இருந்தாலும் சரி, வாடகை கொடுத்துத் தங்குங்க.

முதல் நாள் தொரையைப் பாருங்க, அதிபரைப் பாருங்க, கோயிலுக்குப் போங்க, தோட்டத்துத் தலைவர்மாரைப் பாருங்க. ரெண்டாவது நாள் ஊர்ப் பசங்க யாராவது கூட்டிட்டுப் போக, சும்மா தோட்டத்தைச் சுத்தி ஒரு சின்ன நடை. பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், தண்ணி எங்கேர்ந்து வருது, மழை பெஞ்சா எந்தப் பாதை அடைக்கும்னு கால்ல தெரிஞ்சுக்கறது அப்பதான். உடம்பும் குளிருக்குப் பழகும். ரெண்டு நாள் வீணாப் போகுதேன்னு துடிக்கற குழுக்கள் அஞ்சாவது நாள் யார்கிட்ட சாவி இருக்குன்னு தேடிட்டு நிப்பாங்க.

பெரியவங்களை அக்கா, அண்ணன், அம்மா, ஐயான்னு கூப்பிடுங்க, ஆசிரியர்களை சேர், டீச்சர். மலையகத் தமிழரை இழிவாச் சொல்ற தோட்டக்காட்டான்ங்கற வார்த்தை விளையாட்டுக்குக்கூட வாயில வரக் கூடாது.

10. வேலை நாட்கள்

கொழுந்து எடுக்கற அம்மாங்க காலையில போனா சாயங்காலம் நாலரை அஞ்சுக்குத்தான் வருவாங்க, வந்ததும் தண்ணி, விறகு, சமையல். அவங்களோட ஏதாவது செய்யணும்னா ஞாயித்துக்கிழமைதான், அதுவும் அவங்க சொல்ற நேரம். வேலை நேரத்துல மலைக்குள்ள போய் அவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுக்காதீங்க, அன்னைக்கு எடுக்க வேண்டிய கிலோ குறைஞ்சா பாதிக்கப்படறது அவங்க கூலிதான்.

பிள்ளைங்களோட தனியா இருக்காதீங்க, எப்பவும் நம்ம ஆள் ரெண்டு பேர், கூட ஒரு ஆசிரியர். லயத்துக்குள்ள போட்டோ கிடையாது, பிள்ளைங்க முகம் தெரியற படத்தை பெத்தவங்க சம்மதமில்லாம எங்கயும் போடக் கூடாது. மிட்டாய், காசு கையில கொடுக்காதீங்க, அடுத்து வர்ற குழுகிட்ட அதே பிள்ளை கையை நீட்டும். ஒரு பிள்ளை அடி, தொந்தரவுன்னு ஏதாவது சொன்னா, கேளுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாதீங்க, அன்னைக்கே பொறுப்பான ஆசிரியர்கிட்ட சொல்லுங்க. இலங்கையோட சிறுவர் உதவி எண் 1929.

சாயங்காலம் விளையாட்டை ஒரு நாள்கூட விடாதீங்க. இது பாடத்தைவிட முக்கியம்னு நான் நினைக்கறேன். படிப்பை நிறுத்தின பசங்க வகுப்புக்கு வர வெக்கப்படுவாங்க, வாலிபால் ஆட வந்துடுவாங்க, ஆடி முடிச்சு உக்கார்ற அந்த அரை மணி நேரத்துலதான் வேலை, ஊரு, கொழும்பு பத்தின பேச்செல்லாம் வெளிய வரும். மனநலம்னு போர்டு வச்சு நடத்தற எந்த அமர்வைவிடவும் அங்க ஒருத்தனுக்கு ஒருத்தன் துணைன்னு ஆகறது நடக்குது. ஆட்டத்தை நடத்தற பொறுப்பை மூணாவது நாளே உள்ளூர் ஆள்கிட்ட கொடுத்துடுங்க, நீங்க போனாலும் ஆட்டம் நின்னு போகாது.

ராத்திரி நம்ம குழு இருபது நிமிஷம் வட்டமா உக்காரணும். இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு, நாளைக்கு யாருக்கு ஓய்வு வேணும், ரெண்டே கேள்வி. அறிவுரை சொல்லக் கூடாது. அஞ்சு ஆறாவது நாள் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரு சரிவு வரும், தூக்கம் குறையும், சின்ன விஷயத்துக்கு முட்டிக்கும். அன்னைக்குப் பாதி நாள் லீவு விடுங்க.

11. மலை நடை

பெரிய நடையைக் கடைசி மூணு நாள்ல வைங்க. முன்னாடி வச்சு ஒருத்தருக்குக் கால் பிசகினா மிச்ச நாள் முழுக்க ரெண்டு பேர் அவரைப் பார்த்துக்கணும், வேலை போச்சு. இன்னொரு காரணம், பத்து நாள் பழகின ஊர்ப் பசங்க கூட வருவாங்க. அவங்களை வழிகாட்டியா கூலி கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க, டிக்கெட், சாப்பாடு உங்க செலவு. தன் வீட்டுக்கு மேல இருக்கற மலைக்கு வெள்ளைக்காரங்க வந்து போறதைப் பார்த்தே வளர்ந்து, தான் அங்க ஏறிப் பார்க்காத பிள்ளைங்க இருக்காங்க, ஏன்னா பள்ளிக்கூடம் விட்டா வீட்டு வேலை, அது விட்டா கூலி வேலை.

எங்க போறதுங்கறது மாசத்தைப் பொறுத்தது. சிவனொளிபாத மலைக்கு சீசன் டிசம்பர் போயாவுலேர்ந்து மே மாச வெசாக் வரைக்கும், மத்த மாசத்துல விளக்கு இருக்காது, கடை இருக்காது, காத்து மழை பயங்கரம், ஜூன்ல போற குழு அதை மறந்துடுங்க. ஜூன்ல ஊவாப் பக்கம் தம்பேதன்ன தொழிற்சாலையிலேர்ந்து லிப்டன் சீட் சுமார் 7 கிலோமீட்டர், தேயிலைக்கு நடுவுலயே ஏறும், முதல் நடைக்கு அருமை. அது முடிஞ்சா எல்ல ராக், தெம்பு இருந்தா நமுனுகுல, 2036 மீட்டர். பீக்கோ டிரெயில்னு கண்டி ஹந்தானயிலேர்ந்து நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல, 22 பகுதியா ஒரு பாதை இருக்கு, தோட்டங்கள் வழியாவே போகும், அதுல ரெண்டு பகுதி எடுத்துக்கலாம், திறந்திருக்கான்னு விசாரிச்சுட்டு. இலங்கையோட உச்சி பிதுருதலாகல 2524 மீட்டர், ஆசைப்படாதீங்க, மேல பாதுகாப்பு வளாகம் இருக்கு, நடந்து ஏற விட மாட்டாங்க.

தேயிலைக்குள்ள நடக்கறப்ப பெரிய ஆபத்து குளவி. கொழுந்து எடுக்கறவங்க குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போறது அடிக்கடி நடக்கற விஷயம், உயிரும் போயிருக்கு. வாசனை பூசாதீங்க, கத்தாதீங்க, மரத்துல, பாறையில கூடு தொங்கினா கல்லெறியாதீங்க, வழிகாட்டி நில்லுன்னா நில்லுங்க. கிளம்பிடுச்சுன்னா கையை வீசாம முகத்தை மூடிக்கிட்டு வேகமா விலகி ஓடுங்க. ஒவ்வாமை இருக்கறவங்க ஊசியை கையோட வச்சிருக்கணும். பாதையை விட்டு தேயிலை வரிசைக்குள்ள இறங்காதீங்க, பாம்பும் இருக்கும், மருந்து தெளிச்சிருக்கவும் கூடும். இருட்டுல தோட்டப் பாதையில தனியா நடக்காதீங்க, சிறுத்தை நடமாடற பகுதி.

மழை வந்தா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும், மஞ்சள், அம்பர், சிவப்புன்னு மூணு நிலை. மஞ்சள்னாலே நடையை நிறுத்திடுங்க, சிவப்புன்னா இடத்தைக் காலி பண்ணணும். நிலத்துல புது வெடிப்பு, சாஞ்ச மரம், சாஞ்ச மின்கம்பம், திடீர்னு கலங்கி வர்ற ஊத்துத் தண்ணி, இதுல எது கண்ணுல பட்டாலும் அங்க நிக்காதீங்க. ஆம்புலன்ஸ் 1990, இலவசம். போலீஸ் 119, பேரிடர் நிலையம் 117. எல்லார் போன்லயும் இருக்கட்டும், சிக்னல் இல்லாத இடம் எதுன்னு வழிகாட்டிகிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க.

நடையோட வேகம் கடைசியில வர்றவரோட வேகம். முன்னாடி ஒரு ஊர்ப் பையன், பின்னாடி ஒரு ஊர்ப் பையன், நடுவுல நாம. நடுக்கம் வந்து, பேச்சு குழறி, ஒருத்தர் பேசாம உக்கார்ந்துட்டாருன்னா அது சோர்வு மட்டும் இல்ல, குளிர் உள்ள இறங்கிடுச்சு. நனைஞ்ச துணியைக் கழட்டி காஞ்சதைப் போட்டு, இனிப்பா சூடா ஏதாவது குடிக்க வச்சு, இறங்கிடுங்க. உச்சி எங்கயும் போகாது.

12. திரும்பி வந்ததும்

காய்ச்சல் வந்தா இலங்கை மலைப்பக்கம் போய்ட்டு வந்தோம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, டெங்கியும் எலிக்காய்ச்சலும் அங்க உண்டு, சேத்துத் தண்ணியில நடந்தீங்களான்னு கேட்பாங்க.

மனசு விஷயம் ரெண்டாவது வாரம் வரும். எம்ஆர்டில நிக்கறப்ப, ஹாக்கர் சென்டர்ல மிச்சம் வச்ச சாப்பாட்டைப் பார்க்கறப்ப, ஒரு குற்ற உணர்ச்சியோ வெறுமையோ வந்து உக்கார்ந்துக்கும், யார்கிட்ட சொன்னாலும் புரியாத மாதிரி இருக்கும். அதனால மூணாவது வாரம் ஒரு நாள் குழு முழுக்கச் சேர்ந்து சாப்பிடறதுக்கு, கிளம்பறதுக்கு முன்னாடியே தேதி குறிச்சு வைங்க. தூக்கமில்லாம ரொம்ப நாள் இழுத்தா தேசிய மனநல உதவி எண் 1771, எந்நேரமும் பேசலாம்.

சத்தியம் பண்ணினதை எழுதி வைங்க. பாட வீடியோ அனுப்பறேன், வாட்ஸப்ல பேசறேன்னு அங்க சொன்னதுல எது நடக்கும், எது நடக்காதுன்னு முதல் வாரமே முடிவு பண்ணி, நடக்காததை அதிபர்கிட்ட நேர்மையா சொல்லிடுங்க, அந்தப் பிள்ளைங்க காத்திருக்கும். மாசத்துக்கு ரெண்டு தடவை ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, ரெண்டு ஊருக்கும் நடுவுல ரெண்டரை மணி நேர வித்தியாசம், நமக்கு ராத்திரி எட்டரைன்னா அங்க ஆறு மணி, விளையாடி முடிச்சு வீட்டுக்கு வர்ற நேரம், பிள்ளைங்களுக்கு சரியா வரும்.

கணக்கு, கடிதப் பிரதி, யார் யாரைப் பார்த்தோம், எந்த வேலை பாதியில நிக்குது, எந்த வழிகாட்டிப் பையன் நல்லா பண்ணினான், இதெல்லாம் ஒரே கோப்புல போட்டு, ஒரு பிரதி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு, இன்னொண்ணு அடுத்த விடுமுறைக்குப் போகப் போற குழுவுக்கு. அவங்க முதல்ல கேக்க வேண்டிய அந்த மூணு கேள்வியில ரெண்டுக்காவது பதில் அதுல இருக்கணும்.